தெளிந்த தண்ணீரில் செத்த மீன்கள்: சிறிய தொட்டிக்கு எந்த வடிகட்டி?

நான் நான்காம் படிவத்தில் படித்த ஆண்டு அது. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டிருந்தோம். மின்விசிறியைத் துடைத்தாயிற்று, திரைச்சீலையை மாற்றியாயிற்று. "அப்படியே உன் மீன் தொட்டியையும் கழுவிடுடா. வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார் அம்மா.

இரண்டடித் தொட்டி. எட்டு கப்பி மீன்கள், ஆறு நியோன் டெட்ராக்கள். உள்ளே ஒரு பஞ்சு வடிகட்டி, வெளியே ஒரு சின்னக் காற்றுப் பம்பு. ஏழு மாதமாக ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஆனால், பஞ்சு பழுப்பேறி, தொட்டால் வழுக்கும் நிலையில் இருந்தது. அதைக் கழற்றி, குழாயை முழுவதும் திறந்துவிட்டு, வெள்ளை நிறம் தெரியும்வரை பிழிந்து பிழிந்து கழுவினேன். போதாதென்று பால்கனியில் வெயிலில் காயவும் வைத்தேன். தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். மாலையில் பார்த்தால் தொட்டி கண்ணாடி போல் மின்னியது.

தீபாவளிக்கு முதல் நாள் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. பண்டிகையன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது ஒன்பது மீன்கள் மிதந்தன. தண்ணீர் அப்போதும் தெளிவாகவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து மீன் கடைக்காரரிடம் போய் நின்றேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, பஞ்சை எதுல கழுவுன?"

"பைப்புல, அங்கிள்."

"அதான்," என்றார்.

அந்த ஒற்றைச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின. மீன் தொட்டி வைத்திருக்கும் மாணவர்களும், வைக்க ஆசைப்படும் மாணவர்களும் அதைத் தெரிந்து கொண்டால் எந்த வடிகட்டியை வாங்குவது என்ற கேள்விக்குத் தாங்களே விடை கண்டுவிடலாம்.

வடிகட்டி எதை வடிகட்டுகிறது?

தேநீர் வடிகட்டி தேயிலைத் தூளைப் பிடித்து வைக்கிறது. மீன் தொட்டியின் வடிகட்டியும் அப்படித்தான் அழுக்கைப் பிடித்து வைக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மீன்களைக் கொல்லும் அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. அதன் பெயர் அம்மோனியா.

மீன் உண்ணும் உணவில் புரதம் இருக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. உடலுக்குத் தேவைப்படாத நைட்ரஜனை நாம் யூரியாவாக்கிச் சிறுநீரில் வெளியேற்றுகிறோம். மீன்களுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. பெரும்பகுதியை அம்மோனியாவாகவே செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடுகின்றன. ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். நான்கு கண்ணாடிச் சுவருக்குள் அது எங்கும் போக முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 0.2 கிராம் தீனி போடுகிறோம். அதில் 40 விழுக்காடு புரதம் என்றால் 0.08 கிராம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக 12.8 மில்லிகிராம். அதில் பாதி மட்டும் அம்மோனியாவாக வெளியேறுகிறது என்று வைத்துக் கொண்டாலும் 6.4 மில்லிகிராம். தொட்டியில் 45 லிட்டர் தண்ணீர் இருந்தால், ஒவ்வொரு நாளும் லிட்டருக்கு 0.14 மில்லிகிராம் கூடுகிறது. ஒரு வாரத்தில் 1 மில்லிகிராம் ஆகிவிடும். மலேசியக் குடிநீர்த் தரத்தில் அம்மோனியாவுக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நாம் அதைக் குடிக்கிறோம், அவ்வளவுதான். மீன் இரவும் பகலும் அதையே செவுள் வழியாகச் சுவாசிக்கிறது.

தண்ணீரின் பி.எச். அளவும் இதில் முக்கியம். அம்மோனியா தண்ணீரில் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. அதனால் பெரிய தீங்கில்லை. மற்றொன்று அம்மோனியா வாயு, அதுதான் நஞ்சு. நம் ஊர் வெப்பமான 28 பாகையில், பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 0.7 விழுக்காடுதான் நஞ்சு வடிவம். பி.எச். 8 ஆகிவிட்டால் அது 6.5 விழுக்காட்டைத் தொடும். ஒரே ஓர் எண் கூடினால் நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்கு.

எனவே, நல்ல வடிகட்டிக்கு முதல் வேலை இந்த அம்மோனியாவை இல்லாமல் செய்வது. பஞ்சால் அதைப் பிடித்து வைக்க முடியாது. கரைந்த சர்க்கரையைத் துணியால் வடிகட்ட முடியுமா? அது போலத்தான். அந்த வேலையைச் செய்பவை பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்.

சாக்கடை நீரில் கிடைத்த விடை

இதை முதலில் காட்டியவர்கள் மீன் வளர்த்தவர்கள் அல்லர். 1877இல் பிரான்ஸ் நாட்டில் ஷ்லூசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, அதன் வழியே கழிவுநீரை மெதுவாக வடிய விட்டார்கள். இருபது நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. மேலே ஊற்றிய அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. நாளடைவில் அம்மோனியா முழுவதும் மறைந்தது.

வெறும் வேதியியல் மாற்றம் என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். இருபது நாள் எதற்கு? ஏதோ ஓர் உயிர் அங்கே வளர்ந்து பெருகியிருக்க வேண்டும் என்று அவர்கள் ஐயுற்றார்கள். குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்று போனது. பிறகு குளோரோஃபார்மை நீக்கி, மண் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள். சில நாளில் வேலை மீண்டும் தொடங்கியது.

பின்னர், 1890 வாக்கில், ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், அது மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதன்று. வாரந்தோறும் தண்ணீர் மாற்றினால் அதைக் கட்டுக்குள் வைக்கலாம்.

ஆய்வு அதோடு முடியவில்லை. இரண்டு வேலைகளையும் ஒரே பாக்டீரியா தனியாகச் செய்ய முடியும் என்பது 2015இல்தான் தெரிய வந்தது. அவ்வாண்டு அதைக் கண்டறிந்த இரு குழுக்களில் ஒன்று நெதர்லாந்தைச் சேர்ந்தது. அவர்கள் அந்த பாக்டீரியாவைக் கண்ட இடம் மீன் வளர்ப்புத் தொட்டி ஒன்றின் வடிகட்டி.

இப்போது என் தீபாவளிக் கதைக்குத் திரும்புங்கள். அந்த வழுக்கும் பழுப்புப் படலம் ஏழு மாதத்தில் வளர்ந்த குடியிருப்பு. குழாய் நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. நான் குளோரின் நீரில் கழுவி, வெயிலிலும் காய வைத்தேன். பிரெஞ்சுக்காரர்கள் குளோரோஃபார்ம் கொண்டு செய்ததை நான் எங்கள் வீட்டுக் குளியலறையில் செய்து முடித்திருந்தேன். மாற்றிய தண்ணீரிலும் குளோரின் நீக்கி விடவில்லை. மீன்களுக்கு இரட்டை அடி.

கிள்ளான் பள்ளத்தாக்கும் அம்மோனியாவும்

அம்மோனியா மீன்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆற்று நீரில் அம்மோனியா அளவு கூடியதால் செராஸ் 11ஆவது மைல், புக்கிட் தம்போய் ஆகிய இரு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. தொட்டிக்குள் பதினான்கு மீன்களுக்கு நேர்வது, ஆற்றளவில் நடந்தால் ஒரு நகரத்துக்கே நேரும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத லெம்பா பந்தாயில் ஒரு பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நிலத்துக்கு அடியில் இயங்குகிறது. மேலே பூங்கா, கீழே நம் வீடுகளின் கழிவுநீர். அங்கும் முக்கிய வேலையாட்கள் பாக்டீரியாக்களே. அவை உயிரோடு இருக்கக் காற்றும், பற்றிக் கொள்ள இடமும், ஓடும் நீரும் வேண்டும். உங்கள் தொட்டியின் வடிகட்டியிடமும் நீங்கள் கேட்க வேண்டியவை இவைதாம்.

கடையில் என்ன இருக்கிறது?

மீன் கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சிறிய நன்னீர்த் தொட்டிக்குப் பொதுவாக ஆறு வகைகள் உண்டு.

முதலாவது பஞ்சு வடிகட்டி. கடையில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்று கேளுங்கள். காற்றுப் பம்பு ஒரு குழாய் வழியே குமிழ்களை அனுப்புகிறது. குமிழ்கள் கலந்த நீரின் அடர்த்தி குறைவு. அதனால் அது மேலே ஏறுகிறது. அந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள நீர் பஞ்சின் வழியே உள்ளே வருகிறது. இயற்பியல் பாடத்தில் படிக்கும் அடர்த்தியும் அழுத்தமும் இங்கே கண் முன்னே வேலை செய்கின்றன. நீருக்குள் மோட்டார் இல்லை. குஞ்சு மீன்களை உறிஞ்சாது. விலை குறைவு. குறை என்னவென்றால் தொட்டிக்குள் இடத்தை அடைக்கும். பம்பின் இரைச்சல் இரவில் கேட்கும். மிக நுண்ணிய தூசியை அவ்வளவாகப் பிடிக்காது.

இரண்டாவது, தொட்டி விளிம்பில் தொங்கும் ஹேங்-ஆன் ஃபில்டர். நீரை உறிஞ்சிப் பஞ்சு, கரி ஆகியவற்றின் வழியே செலுத்தி அருவி போல் மீண்டும் கொட்டும். கழற்றிச் சுத்தம் செய்வது எளிது. தண்ணீரும் பளிச்சென்று இருக்கும். ஆனால், பல மாடல்களில் பஞ்சும் கரியும் சேர்ந்த அட்டையை மாதந்தோறும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடச் சொல்வார்கள். பாக்டீரியாக்களை மாதந்தோறும் தூக்கி எறிவதற்குச் சமம் அது. இந்த வகையை வாங்கினால் உள்ளே ஒரு துண்டுப் பஞ்சையோ பீங்கான் வளையங்களையோ நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, நீருக்குள் மூழ்கியிருக்கும் இன்டர்னல் ஃபில்டர். சிறிய மோட்டாரும் பஞ்சும் ஒரே கூட்டில் இருக்கும். ஓட்டம் வலுவாக இருக்கும். சின்ன மீன்கள் அதில் தள்ளாடும்.

நான்காவது, தொட்டியின் மேல் நீளப் பெட்டியாக அமரும் டாப் ஃபில்டர். நம் ஊர்க் கடைகளில் நிறையப் பார்க்கலாம். வடிகட்டும் பொருளுக்கு இடம் தாராளம். மூடியும் விளக்கும் வைக்கத்தான் கொஞ்சம் சிரமம்.

ஐந்தாவது, சரளைக் கற்களுக்குக் கீழே பரப்பும் தட்டு. ஒரு காலத்தில் பெரும்பாலோர் பயன்படுத்தியது. சரளையே பாக்டீரியாக்களின் வீடாகிவிடும். ஆனால், அடியில் அழுக்குத் தேங்கினால் தொட்டியைக் கலைக்காமல் எடுக்க முடியாது.

ஆறாவது, வெளியே நிற்கும் கேனிஸ்டர் என்ற மூடிய வாளி. பெரிய தொட்டிகளுக்கு அருமையானது. இரண்டடித் தொட்டிக்கு அது பெரும்பாலும் தேவைக்கு மீறிய செலவு.

கரியைப் பற்றி ஒரு சொல். செயலூட்டிய கரி நீரின் மஞ்சள் நிறத்தையும் வாடையையும் மருந்து மிச்சத்தையும் உறிஞ்சும். அம்மோனியாவை அது நீக்காது. கரி இருக்கிறது என்ற நம்பிக்கையில் மற்றதை மறந்துவிடக் கூடாது.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

என் தொட்டியில் எவ்வளவு தண்ணீர்? நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60, 30, 30 என்றால் 54 லிட்டர். சரளையும் மேல் விளிம்பின் இடைவெளியும் போக ஏறக்குறைய 45 லிட்டர். மோட்டார் உள்ள வடிகட்டி ஒரு மணி நேரத்தில் இதைப் போல் நான்கு முதல் ஆறு மடங்கு நீரைச் சுழற்றினால் போதும். அதாவது 180 முதல் 270 லிட்டர். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், உள்ளே ஒன்றும் இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்த அளவு. பஞ்சு போட்டு, அழுக்கும் சேர்ந்தால் ஓட்டம் குறையும். ஆகவே, 300 என்று போட்டதை வாங்கலாம்.

என் மீன் எப்படிப்பட்ட நீரில் வாழும்? பெட்டா எனப்படும் சண்டை மீன் தேங்கிய நீருக்குப் பழகியது. நம் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதிச் சதுப்புக் காடுகளில்கூட பெட்டா லிவிடா என்ற ஓர் இனம் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாத அது இன்று அழியும் நிலையில் இருக்கிறது. இத்தகைய மீன்களை வலுவான ஓட்டத்தில் விட்டால் நாள் முழுவதும் நீந்தியே களைத்துப் போகும். பெட்டாவுக்கு மெதுவாகக் குமிழிடும் பஞ்சு வடிகட்டியே ஏற்றது. கப்பி, டெட்ரா போன்றவற்றுக்கு மிதமான ஓட்டம். தங்க மீனோ நிறையத் தின்று நிறையக் கழிவு விடும். எந்த வடிகட்டி வைத்தாலும் சிறிய தொட்டி அதற்குப் போதாது. அந்த ஆசையைப் பெரிய தொட்டி வாங்கும்வரை தள்ளிப் போடுங்கள்.

நீரின் மேற்பரப்பு அசைகிறதா? சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 பாகை நீரில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 பாகையில் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. மீனுக்கு மட்டுமின்றி பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இதற்கு அவ்வளவு அழுத்தம் இருக்காது. மதிய வெயில் சுவரைச் சுடும் அடுக்குமாடி வீட்டில் நாம் இதை மறக்க முடியாது.

மின்சாரமும் தண்ணீரும் நின்றால் என்ன ஆகும்? மின்சாரம் நின்றால் மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்து, பாக்டீரியாக்கள் சாகத் தொடங்கும். பஞ்சு வடிகட்டியோ தொட்டித் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் இன்னும் சற்றுத் தாக்குப் பிடிக்கும். மின்கலத்தில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பை அதில் மாட்டியும் விடலாம். தண்ணீர்த் தடை நமக்குப் புதிதன்று. 2020 செப்டம்பர் 3ஆம் தேதி, ரவாங் அருகே சுங்கை கோங் ஆறு மாசுபட்டதால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குதாரர்கள் பாதிக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட நாள்களில் தொட்டித் தண்ணீரை மாற்ற முடியாது. பாக்டீரியா நன்கு குடியேறிய வடிகட்டி இருந்தால் தீனியைக் குறைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். ஒரு வாளித் தண்ணீரை எப்போதும் மீன்களுக்கென்று எடுத்து வைப்பதும் நல்லது.

மின் செலவையும் பார்த்துவிடுவோம். 3 வாட் காற்றுப் பம்பு இரவு பகலாக ஒரு மாதம் ஓடினால் 2.16 யூனிட். 15 வாட் கேனிஸ்டர் என்றால் 10.8 யூனிட். காசை மிச்சப்படுத்த இரவில் வடிகட்டியை நிறுத்திவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. மீன் இரவில் சுவாசிப்பதை நிறுத்துவதில்லை, பாக்டீரியாவும் நிறுத்துவதில்லை.

இந்த நான்கு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், முதன்முதலாகத் தொட்டி வைக்கும் மாணவருக்கு நான் பரிந்துரைப்பது பஞ்சு வடிகட்டிதான். 45 லிட்டர் தொட்டி என்றால் ஒன்றுக்குப் பதிலாகச் சின்னதாக இரண்டு வையுங்கள். ஒரு முறை ஒன்றை மட்டும் கழுவலாம். மற்றதில் குடியிருப்பு கலையாமல் இருக்கும். தண்ணீர் பளிச்சென்று தெரிய வேண்டும், தொட்டிக்குள் கருவி தெரியக் கூடாது என்பவர்கள் தொங்கும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். காற்றுப் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள்; அல்லது குழாயில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கிவிடும்.

செங்கல்லுக்கும் ஒரு வேலை

தொங்கும் வடிகட்டியிலும் டாப் ஃபில்டரிலும் போடுவதற்குப் பீங்கான் வளையங்கள் என்று விற்பார்கள். அவை சுட்ட களிமண்தான். உடைத்துப் பார்த்தால் நுண்துளைகள் தெரியும். துளை கூடக் கூட பரப்பு கூடும். பரப்பு கூடினால் பாக்டீரியாவுக்கு வீடு கூடும்.

சுட்ட களிமண் என்றதும் நம் ஊர்ப் பெயர் நினைவுக்கு வருகிறது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்பு வீடுகளையும் அழித்த பிறகு, செங்கல் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. அதற்கான செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆனது. வளையங்கள் வாங்கக் காசில்லாத மாணவர்கள், சிமெண்டும் சாயமும் ஒட்டாத பழைய செங்கல்லைக் கொட்டைப்பாக்கு அளவில் உடைத்து, நன்றாகக் கழுவிப் போடலாம். வேலை நடக்கும்.

வாங்கி மாட்டிய பிறகு

புது வடிகட்டி என்பது ஆளில்லாத வீடு. அன்றே மீன்களை விட்டால் அம்மோனியா ஏறும். கவனிக்க யாரும் இருக்க மாட்டார்கள். "புதுத் தொட்டி ராசியில்லை" என்று நாம் சொல்வது இதைத்தான். ராசிக்கு இதில் பங்கில்லை. குடியேற்றம் முடிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெப்பம் பாக்டீரியாவுக்குப் பிடிக்கும் என்பதால் சில நேரம் முன்பே முடியலாம்.

மீன் இல்லாமலே தொடங்குவது நல்லது. குளோரின் நீக்கிய நீரை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவங்களால் இரண்டு நாளுக்கு ஒரு முறை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய மூன்றையும் அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். முதல் கோடு ஏறி இறங்கும். அது இறங்கும்போது இரண்டாவது ஏறும். அதுவும் இறங்கும்போது மூன்றாவது ஏறும். முதல் இரண்டும் சுழியத்துக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மீன்களை விடுங்கள். வாரங்கள் விட்டு மற்றவற்றைச் சேருங்கள். பள்ளி அறிவியல் விழாவுக்கு இதைவிட எளிய, நேர்மையான ஆய்வு கிடைப்பது அரிது. நைட்ரஜன் சுழற்சியைப் பாடநூல் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது தங்கள் மேசை மேல் சுழல்வது தெரியும்.

ஒரு குறுக்கு வழியும் உண்டு. நெடுநாள் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், நோயில்லாத தொட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டு, காயவிடாமல் கொண்டு வந்து உங்கள் வடிகட்டியோடு சேர்த்து வையுங்கள். 1877இல் மண் கழுவிய நீரை ஊற்றியதும் இதே வேலைக்குத்தான்.

இனி, கழுவும் முறை. வாரம் ஒரு முறை கால்பங்குத் தண்ணீரை ஒரு வாளியில் எடுப்பீர்கள் அல்லவா? பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். வெள்ளையாக வேண்டியதில்லை. ஓட்டம் குறையும்போது மட்டும் கழுவுங்கள். அது மாதம் ஒரு முறையாக இருக்கலாம். தொட்டியில் ஊற்றும் புது நீருக்குக் குளோரின் நீக்கி விட மறக்காதீர்கள்.

என் தீபாவளிக்குத் தப்பிய மீன்கள் ஐந்து. கடைக்காரர் தம் தொட்டியிலிருந்து ஓர் அழுக்குப் பஞ்சை எடுத்து, காசு வாங்காமல் பையில் போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா மூக்கைப் பிடித்துக் கொண்டார். "என்னடா இது, சாக்கடை மாதிரி?"

"இதுல உயிர் இருக்கும்மா," என்றேன்.

ஐந்தும் பிழைத்துக் கொண்டன. அதற்கு அடுத்த தீபாவளிக்கும் வீட்டைக் கழுவினோம். தொட்டிக் கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் துடைத்தேன். பஞ்சு பழுப்பாகவே இருந்தது. வந்த விருந்தாளிகள் யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் மீன்களைத்தான் பார்த்தார்கள்.